கிரீஸ் பூசிய அவரைப் பந்தல்

ஒரு கரண்டி கிரீஸை வைத்து ஒரு லட்சம் எதிரிகளை ஒழித்தவன் நான். ஒருவனைக்கூடக் கையால் தொடவில்லை. நம்பாதவர்கள் என் மச்சினனைக் கேட்கலாம். பூச்சிமருந்துக் கடைக்காரன், என்னைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்ல அவனுக்கு நா எழாது.

மொட்டை மாடியில் என் மனைவி வளர்த்த அவரைப் பந்தலில் கொழுந்தே தெரியாமல் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. மச்சினன் முதுகில் தெளிப்பானோடு வந்து நின்றான்.

"அக்கா, இன்னைக்கு அடிச்சா நாளைக்குச் சுத்தம்."

"பூவுல தேனீ உக்காருதுடா! காயை நாங்கதானே திங்கணும்?" என்று கத்தினேன்.

"அப்ப பாட்டுப் பாடி விரட்டப் போறீங்களா அத்தான்?"

மனைவி தீர்ப்புச் சொன்னாள்: "ரெண்டு வாரம் தரேன். போகலைன்னா தம்பி அடிக்கட்டும்."

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். எங்கே கோளாறென்றாலும் யார் ஏறுகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். பந்தலில் ஏறியது எறும்பு. அசுவினி கசியும் இனிப்புநீருக்கு ஆசைப்பட்டு, அசுவினியைத் தின்ன வந்த பொறிவண்டுகளைக் கடித்துத் துரத்திக்கொண்டிருந்தது. அடியாளை மேலே விடக் கூடாது, அவ்வளவுதான். பந்தலின் நான்கு கால்களிலும் கொடியின் அடித்தண்டிலும் துணி சுற்றி, அதன்மேல் கிரீஸ் பூசினேன்.

ஒரு வாரமாகியும் எறும்பு குறையவில்லை.

"கிரீஸ் போட்டதுல இன்னும் சுகமா ஏறுது போல!" என்றான் மச்சினன்.

எட்டாம் நாள் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். எப்படியும் தேவைப்படும் என்று அவன் பந்தலில் சாய்த்துவிட்டுப் போன தெளிப்பானின் குழாய் வழியே எறும்பு ஊர்வலம்! நான் எல்லா வாசலையும் பூட்டினால், இந்தப் புண்ணியவான் ஏணி போட்டுக் கொடுத்திருக்கிறான்! அவனைக் காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்து காட்டினேன். தெளிப்பானை மாடிப்படியில் வைத்துவிட்டு, மேலே மிஞ்சிய எறும்புகளைத் தண்ணீர் பீய்ச்சி இறக்கினேன்.

பன்னிரண்டாம் நாள் மச்சினன் அலறினான். "ஐயோ, புதுப் புழு! கருப்பா, முள்ளு முள்ளா!" நசுக்க விரலை நீட்டினான்.

"எடுடா கையை! அது பொறிவண்டுக் குஞ்சு. இருபது வருஷமா பூச்சிமருந்து விக்கிறே, பூச்சியைத் தெரியலையே உனக்கு!"

"இந்த மூஞ்சியா அழகான வண்டாகப் போகுது?"

"நீ பொறந்தப்ப எப்படி இருந்தேன்னு அக்காவைக் கேளு."

"அதைவிட மோசம்," என்றாள் மனைவி.

ஒவ்வொரு குஞ்சும் எருமைக்கன்று பருமன். சரி, அரிசி பருமன். ஆனால் தின்றது எருமையைப் போலத்தான்.

பதினான்காம் நாள் மச்சினன் பூதக்கண்ணாடியோடு வந்து இலை இலையாகப் புரட்டினான். ஓர் அசுவினிகூட அகப்படவில்லை. நடுவில் என் கிரீஸில் சட்டையைத் தேய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

"என்னடா, அடிக்கணுமா?" என்றாள் மனைவி.

அவன் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டான். என்னைப் பார்க்காமல், அவரைப் பூவைப் பார்த்துச் சொன்னான்:

"வேணாம்க்கா. எறும்பு என் குழாய்லதான் ஏறிச்சு. அதை நிறுத்தினதும் வண்டுக் குஞ்சு எல்லாத்தையும் தின்னுடுச்சு. நடந்தது நிஜம், நானே பாத்தேன்."