பார்க்க ஒன்றுமில்லாத படம்

ஆணி காலியாக இருந்தது.

முடிச்சு முதலில் அதைப் பார்த்தும் பார்க்காதவன் போலக் கை கழுவப் போனான். சோப்பு நுரை முழங்கை வரை ஏறிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நுரைக் கையோடு திரும்பி வந்து சுவருக்கு முன்னால் நின்றான். திருப்புளிகள், குறடுகள், மீட்டர் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஓரமாகத் தனியே அடித்திருந்த அந்த ஒற்றை ஆணியில் மட்டும் ஒன்றுமில்லை.

அதில் தொங்க வேண்டியது ஒரு சாண் நீளச் சிவப்பு ஒயர். கடையில் அதற்குப் பெயர் 'பொய்'.

கார்களில் கம்பெனியே பொருத்தித் தரும் வழிகாட்டித் திரைக்குப் பின்னால் சிம் போட்ட சின்னப் பெட்டி ஒன்றைச் சொருகி, அதில் சினிமாவும் கார்ட்டூனும் ஓட வைப்பது முடிச்சின் தொழில். ஒயர் நுனிகளை டேப் சுற்றியதோடு விடாமல் முடிச்சும் போட்டு வைப்பான். அதனால்தான் தெருவே அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது. வண்டி நிற்கும்போது முன் திரையில் படம் தெரியும். கைப்பிரேக்கை விட்டதும் அது மறைந்து சாலைப்படம் வந்துவிடும். பின் இருக்கைக்காரர்களுக்கு மட்டும் தனித் திரையில் படம் தொடரும். சோதிக்கிறபோது ஒவ்வொரு தடவையும் கைப்பிரேக்கை இழுத்து இழுத்து விட முடியாது. அதற்காகத்தான் அந்தச் சிவப்பு ஒயர். உரிய இரண்டு முனைகளுக்கு நடுவே அதைச் சொருகிவிட்டால் வண்டி பறந்தாலும் 'நாம் நின்றுகொண்டிருக்கிறோம்' என்று திரை நம்பிவிடும். வேலை முடிந்ததும் பொய்யைப் பிடுங்கி ஆணியில் மாட்ட வேண்டும். அது ஆணிக்குத் திரும்பாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டக் கூடாது. முடிச்சே போட்ட சட்டம் அது.

இன்று வாசலைத் தாண்டிப் போன ஒரே வண்டி அவன் தங்கையுடையது.

"பொய் எங்க?" என்றான்.

"ஆணியிலதான்." முன் மேசையில் இருந்த மனைவி தலையைத் தூக்கவில்லை.

"இல்ல."

"காதைத் தடவிப் பாருங்க. போன தடவை காதுல சொருகிக்கிட்டுக் கடை முழுக்கத் தேடினீங்க."

அவன் காதைத் தடவினான். காதில் சோப்புதான் ஒட்டியது. மனைவி அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

காலையில் நடந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தங்கை அவசரமாக வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் அணை வேலையில் இருக்கும் கணவனிடம் போகிறாள். லைசென்ஸ் வாங்கிய பிறகு தனியாக ஓட்டும் முதல் நெடும்பயணம். அவளுடைய மகன், நாலு வயசு வாண்டு, கார்ட்டூன் ஓடாவிட்டால் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு முன் சீட்டுக்குத் தாவிவிடுவான். அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. முடிச்சு திரைக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டிருந்தபோது வாண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஹாரனை ஒரே அழுத்தாக அழுத்தினான். முடிச்சு துள்ளி மண்டையை இடித்துக்கொண்டான். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்தபடியே மூடியைப் பொருத்திவிட்டான்.

அந்தச் சிரிப்பில்தான் பொய் உள்ளேயே தங்கிவிட்டது.

"போன் போடுங்க," என்றாள் மனைவி.

போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டான். அவள் எடுக்க மாட்டாள் என்பது அவனுக்கே தெரியும். 'ஓட்டும்போது போன் சத்தத்தை அணைச்சுப் பையில போட்டு, பையைக் காலுக்கு எட்டாத எடத்துல வை' என்று சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். அவன் சொன்னதில் அவள் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

"வீடியோ ஓடினா ஓடட்டுமே. அவ ரோட்டைப் பார்த்து ஓட்டுவா," என்றாள் மனைவி, தனக்கே சொல்லிக்கொள்வது போல.

"அவளை உனக்குத் தெரியாதா? சாலைப்படம் வரலன்னா வர்ற வரைக்கும் தட்டிக்கிட்டே இருப்பா. கண்ணாடியைச் சரி பண்ணணும்னு குனிஞ்சு வீட்டு கேட்டையே பேத்தவ."

பக்கத்துக் கடை டயர்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் காதில் வாங்கியதும் இடுப்பிலிருந்து பைக் சாவியை உருவினார். "ஏறு, போயி மறிச்சுடலாம்."

"இந்நேரம் மலை ஏறியிருப்பாண்ணே. வளைவு ஆரம்பிச்சிருக்கும். எங்க போய்ப் பிடிக்கிறது?"

அப்போது அவன் கையிலிருந்த போன் சின்னதாக ஒளிர்ந்தது. 'கரடிக்குட்டி, அடுத்த பகுதி ஓடுகிறது' என்று ஒரு பட்டை மேலே வந்து நின்றது. மூன்று பேரும் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

சோதிப்பதற்காகப் பெட்டியில் அவன் தன் வீடியோ கணக்கைத்தான் போட்டிருந்தான். அதையும் எடுக்க மறந்திருந்தான். இப்போது எங்கோ ஒரு மலைச்சாலையில் ஓடும் கார்ட்டூன் அவன் உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கோடாக நகர்ந்துகொண்டிருந்தது. கோட்டுக்குக் கீழே நிறுத்துவதற்கான பொத்தான்.

"அட, அமுக்குப்பா அதை!" என்றார் டயர்காரர்.

முடிச்சின் கட்டை விரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

"அமுக்காதீங்க!" மனைவி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "திடீர்னு நின்னா வாண்டு என்ன பண்ணுவான்? பெல்ட்டை அவிழ்த்துட்டு அவ மடியில குதிப்பான். அவ அவனைப் பார்ப்பாளா, திரையைப் பார்ப்பாளா, ரோட்டைப் பார்ப்பாளா?"

"அப்ப கரடி ஆடிக்கிட்டே இருக்கட்டுங்கிறியாம்மா?" என்றார் டயர்காரர்.

கோடு நகர்ந்தது. நிறுத்தினாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. தன் விரல் இத்தனை கனமாக இருக்கும் என்று முடிச்சு நினைத்ததே இல்லை.

"நான் பேசி அனுப்பறேன்," என்றான் திடீரென்று. "என்னைப் படம் எடுத்து, கணக்குல ஏத்தி, அந்தத் திரைக்கே அனுப்பறேன். என் குரல் கேட்டா நிப்பா."

போனை முகத்துக்கு நேரே பிடித்தான். திரையில் தன் முகம் தெரிந்தது. நெற்றியில் காலையில் இடித்த வீக்கம், காதில் சோப்பு, பேய் அறைந்தவன் போன்ற கண்கள்.

"இந்த மூஞ்சி திடீர்னு முன்னாடி வந்து நின்னா அவ ரோட்டையா பார்ப்பா?" என்றாள் மனைவி. "நல்லா இருக்கிற வண்டியும் பள்ளத்துல இறங்கிடும்."

முடிச்சு அவளையே ஒரு கணம் பார்த்தான். பிறகு கேமராவின் கண்ணைக் கட்டை விரலால் அழுத்தி மூடினான். திரை கன்னங்கரேலென்று ஆனது. பார்க்க ஒன்றுமே இல்லை. குரல் மட்டும்தான் போகும்.

வாயைத் திறந்தான். 'நிறுத்து' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்படியே விழுங்கினான்.

அவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்த நாட்களில் ஒருமுறை எதற்கோ 'நிறுத்து' என்று கத்தினான். அவள் நடுரோட்டில் மொத்த பலத்தோடும் பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த லாரி முட்டாமல் நின்றது லாரிக்காரன் செய்த புண்ணியம். அவன் இறங்கி வந்து, "ஏம்மா, காரு ஓட்டறியா, மூட்டையைப் போடறியா?" என்று கேட்டான். அன்றிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே அந்தச் சொல் வழக்கத்தில் இருந்து எடுபட்டுப் போனது. அதற்குப் பதில், 'மூட்டையை இறக்கு' என்பான். கண்ணாடியைப் பார், கைகாட்டி விளக்கைப் போடு, மெல்ல ஓரம் கட்டு, உள்ளே கண்ணாடிச் சாமான் இருக்கிற மூட்டையைப் போல வண்டியை இறக்கி வை. அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் அடக்கம்.

பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

"குட்டிப் பையா, மாமாடா. எங்க இருக்கேன்னு தேடாத, இருட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கேன். பெல்ட்டை ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சுக்கோ. புடிச்சுக்கிட்டவங்களுக்கு மட்டும்தான் கதை. பாப்பா, நீ ரோட்டைப் பாரு. இங்க பார்க்க ஒண்ணுமில்ல. அவசரமும் ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லா இருக்கோம். நல்ல எடமாப் பார்த்து மூட்டையை இறக்கு. இறக்கிட்டு எனக்குப் போன் போடு. எடம் கிடைக்கிற வரைக்கும் ஓட்டு, நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

பேசிக்கொண்டே இருப்பதாகச் சொல்லிவிட்டான். என்ன பேசுவது? நாலு வயசுக்காரனை இருட்டில் உட்கார வைக்க வேண்டுமே. கண் தானாகக் காலி ஆணிக்குப் போனது.

"ஒரு ஊர்ல ஒரு கரடிக்குட்டி இருந்துச்சாம். அதுக்குச் சிவப்பா ஒரு வால். ஒருநாள் சிரிச்சுக்கிட்டே இருந்ததுல வால் எங்கயோ கழண்டு விழுந்துடுச்சு. கரடி காதைத் தடவிப் பார்த்துச்சாம், காதுல இல்ல. சோப்பு டப்பாவுல பார்த்துச்சாம், அங்கயும் இல்ல..."

டயர்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். மனைவி சிரிக்கவில்லை. அவன் நெற்றியிலிருந்து இறங்கிய வியர்வையைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். கரடி மரப்பொந்தில் தேடியது, அடுப்பங்கரையில் தேடியது, டயர் கடையில் போய்க் கேட்டது. டயர்க்கடைக்காரக் கரடி பைக் சாவியை நீட்டியது. இனி இழுக்கக் கதை இல்லை என்றானபோது நிறுத்தி, ஏற்றினான்.

வெறும் இருட்டு என்பதால் படத்தின் எடை குறைவு. சுற்றும் வட்டம் சட்டென்று நிறைந்தது. போனில் வந்த பட்டியலில் தங்கை வண்டித் திரையின் பெயரைத் தொட்டான். கரடிக்குட்டி மறைந்தது. அவன் இருட்டு ஓடத் தொடங்கியது.

மூன்று பேரும் மேசையில் கிடந்த போனைச் சுற்றி நின்றார்கள். கோடு நத்தை போல ஊர்ந்தது. இப்போது கேட்டிருப்பாள். இப்போது கண்ணாடியைப் பார்ப்பாள். அங்கே ஒதுங்க இடம் இருக்குமா? பின்னால் லாரி வருமா? முடிச்சு மனசுக்குள்ளேயே அந்தச் சாலையை ஓட்டினான். ஒவ்வொரு வளைவிலும் அவன் வலது கால் தரையை மிதித்தது.

கோடு முடிவுக்கு வந்தது. போன் அடிக்கவில்லை.

'கரடிக்குட்டி, அடுத்த பகுதி ஓடுகிறது.'

"என்னப்பா இது, பழையபடி ஆரம்பிச்சிடுச்சு?" டயர்காரரின் குரல் இறங்கிவிட்டது.

அவள் நிறுத்திவிட்டாளா, ஓட்டிக்கொண்டிருக்கிறாளா? கோடு அதைச் சொல்லவில்லை. மனைவியின் விரல்கள் அவன் கையை நெரித்தன.

கோடு நின்றது. யாரோ அங்கே படத்தை நிறுத்தியிருக்கிறார்கள். யாரோ, அல்லது ஏதோ ஒன்று.

போன் அடித்தது.

"அண்ணே."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அண்ணே, இருக்கியா? இறக்கிட்டேன். ஓரத்துல ஜல்லி கொட்டி வச்சிருக்கிற எடம். எதுக்கு இருட்டுல உக்காந்து கதை சொல்ற? அண்ணி நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா. நீ... வண்டி..."

"அந்தக் கரடி முன்னாடியே வந்து ஆடிக்கிட்டு இருந்துச்சுண்ணே. சாலைப்படத்தை வர வைக்கலாம்னு தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒரு வளைவுல..."

"வளைவுல என்ன?"

"கோட்டைத் தாண்டிட்டேன். எதிர்ல யாரும் வரல. அப்புறம்தான் உன் குரல் வந்துச்சு."

முடிச்சு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். "என் தப்பு, பாப்பா. பொய்யை உள்ளயே விட்டுட்டேன்."

பொய் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அந்த ஆணியில் கைக்குட்டை மாட்டித் திட்டு வாங்கியவள்.

"நீயா?" என்றாள். "ஊருக்கெல்லாம் சட்டம் பேசற நீயா?" குரலில் கேலி தொடங்கி, பாதியில் உடைந்து, மூக்கை உறிஞ்சும் சத்தமாக முடிந்தது.

"நானேதான். இப்ப சொல்றதைச் செய். கைப்பிரேக் போட்டிருக்கியா? வண்டியை அணை. திரைக்குக் கீழ ஒரு மூடி இருக்கு, நகத்தால நெம்பு. சிவப்பு ஒயர் தெரியுதா? ரெண்டு முனையையும் உருவு. சரி, இப்ப வண்டியை ஸ்டார்ட் பண்ணி, காலால பிரேக்கை மிதிச்சுக்கிட்டே கைப்பிரேக்கை விடு. என்ன தெரியுது?"

"கரடி போயிடுச்சு. ரோடு வந்துடுச்சு." நீளமாக ஒரு மூச்சு. "அம்புக்குறி இன்னும் உன் கடை வாசல்லயே நிக்குதுண்ணே. இல்ல இல்ல, குதிக்குது. இங்க வந்துடுச்சு."

"அங்கயே இரு. நான் வந்து ஓட்டிட்டுப் போறேன்."

"நீ வர்ற வரைக்கும் ஜல்லி மேல கூடாரமா போட முடியும்? நானே போயிடுவேன். போனதும் கூப்பிடறேன்."

அதற்குள் பின்னாலிருந்து வாண்டின் குரல் பாய்ந்தது. "மாமா! கரடி வால் கிடைச்சுடுச்சு! அம்மா எடுத்தாங்க! என்கிட்டதான் இருக்கு!"

"மாமா அதை ஆணியில மாட்டணும்டா."

"தர மாட்டேன். கரடிக்கிட்ட குடுக்கணும்."

"அவன் இனிமே அதை விடமாட்டான்ணே," என்றாள் தங்கை. "வச்சிடறேன்."

டயர்காரர் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, "என்னையும் கரடியாக்கிட்டியேப்பா," என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்குப் போனார். முடிச்சு போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சற்றுக் கழித்துக் கோடு மறுபடியும் நகரத் தொடங்கியது. கிளம்பிவிட்டாள். அவன் கால் தரையை மிதித்தது.

மனைவி போனை அவன் கையிலிருந்து எடுத்து மேசையில் குப்புற வைத்தாள்.

"போதும். நீங்களும் மூட்டையை இறக்குங்க," என்றாள்.

முழங்கை வரை சோப்பு காய்ந்து வெள்ளையாக இறுகிப் போயிருந்தது. அவன் எழுந்து குழாயடிக்குப் போனான்.