கணுக்கால் பிடி

பாரதியின் காலை உடைத்தது யார் என்று இந்தச் செஞ்சியில் எல்லோருக்கும் தெரியும், கண்ணுகளா. எதற்காக உடைத்தான் என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ரத்தம் வருகிற கதை. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் கபடி ஆடிவிட்டு ஊர் திரும்பிய ஜெயஸ்ரீ, ராஜகிரி மலைக்குக் கீழே உள்ள பொட்டலில் பெண்பிள்ளைகளுக்கு ஓர் அணி சேர்த்தாள். காலனிப் பெண்களும் ஊர்த்தெருப் பெண்களும் கலந்துதான் ஆட வேண்டும் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. காலனிப் பாரதி எதிரணிக்குள் பாடிப் போவதில் கெட்டிக்காரி. ஊர்த்தெரு ஷோபனா மூலையில் நின்று பிடிக்கிறவள்.

முதலில் ஷோபனாவின் கை பாரதியின் கால்வரை போகும், தொடாமல் நின்றுவிடும். பாரதி மட்டும் என்ன? ஒருநாள் அவள் உதைத்த கால் ஷோபனாவின் தோளில் பட்டுவிட, பாடிக்கொண்டிருந்தவள் குனிந்து அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குள் நாலு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். மன்னிப்பெல்லாம் கோட்டுக்கு வெளியே போய்க் கேட்டுக்கொள் என்றாள் ஜெயஸ்ரீ. மண்ணில் கிடந்தபடியே எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஷோபனாவின் கைக்குத் தடை இல்லை. பாரதியின் கணுக்காலை அவள் பாய்ந்து பிடித்தால் இரும்புப்பிடிதான்.

விழுப்புரத்துப் போட்டியில் நன்றாக ஆடினால் பாரதிக்குக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் அம்மா மீனம்பாள் தினமும் மகள் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்த வீட்டுக்கு அந்தக் கால்தான் நம்பிக்கை.

யாரோ ஒருத்தன் அவர்கள் பயிற்சியை போனில் படம் பிடித்தான். ஷோபனா குப்புற விழுந்து பாரதியின் காலைப் பிடித்திருக்கிற இடத்தில் நிறுத்தி, ஊர்ப்பெண் காலனிப்பெண் காலில் விழுகிறாள் என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தான். காலில் விழுவது யார், விழ வைப்பது யார் என்று ஊர்த்தெருவில் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தார்கள். டீக்கடையில் அந்தப் படத்தைக் காட்டி ஷோபனாவின் அண்ணன் தங்கராஜைக் கேலி செய்தார்கள். அது ஆட்டத்தில் ஒரு பிடி என்று அவனுக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் பொட்டலுக்குள் இரண்டு பைக்குகள் வந்தன. தங்கராஜ் கையில் போர்வெல் குழாய்த் துண்டு இருந்தது. கூட வந்த இருவர் பாரதியின் தோளைப் பிடித்து மண்ணில் தள்ளினார்கள்.

"இந்தக் காலைத்தானடி எங்க ஊட்டுப் பொண்ணு புடிச்சா?"

கேட்டுக்கொண்டே அடித்தான். கரும்பை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். பாரதியின் முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அவளுக்குக் கத்தக்கூட வரவில்லை. வாயில் மண்ணோடு கைகளை ஊன்றி ஊர்ந்தாள். குறுக்கே வந்த ஜெயஸ்ரீயின் வாயில் ஒருவன் முழங்கையால் இடித்தான். பல்லும் ரத்தமுமாக அவள் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கராஜ் அடுத்த காலுக்குக் குழாயை ஓங்கினான்.

மூலையிலிருந்து ஷோபனா பாய்ந்தாள். அண்ணனின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் குழாயால் அவள் முதுகில் அடித்தான். விடவில்லை. இன்னொரு அடி. மூச்சு நின்று வந்தது, பிடி தளரவில்லை. அதற்குள் கலைமதி என்ற பெண் அவன் இடுப்பில் விழுந்தாள், மற்றவர்கள் கை கோர்த்து மேலே விழுந்தார்கள். தங்கராஜ் முகம் அடிபடச் சரளையில் சாய்ந்தான், மூக்கு உடைந்தது. கூட வந்தவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

கலைமதி குழாயை எடுத்து அவன் மண்டைக்கு நேரே தூக்கினாள்.

"போடுடி அத," என்றாள் ஜெயஸ்ரீ, ரத்தத்தைத் துப்பிவிட்டு. "புடிச்சாச்சுல்ல, போதும்."

போலீஸ் வரும்வரை அப்படியே அமுக்கி வைத்திருந்தார்கள். அவன் தங்கையின் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே கிடந்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஷோபனாவின் அம்மா செல்லம்மாள் வந்தாள். அந்தப் பெண் ஆட்டத்தில் விழுந்து அடிபட்டாள் என்று போலீசிடம் சொல், அண்ணன் வாழ்க்கை போய்விடும் என்று கெஞ்சினாள். ஷோபனா கண்ணால் பார்த்ததைத்தான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். செல்லம்மாள் எல்லார் முன்னாலும் மகளை அறைந்துவிட்டு, இனிமேல் வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிப் போய்விட்டாள்.

எலும்பு கூடும், நடப்பாள். ஆடுவாளா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்ன நேரத்தில்தான் ஷோபனா வார்டுக்குள் வந்தாள். மீனம்பாள் எழுந்து அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள்.

"உங்க அண்ணன் ஒடச்சத பாக்க வந்தியா? நல்லா பாரு."

ஷோபனா கையை உயர்த்தித் தடுக்கவில்லை. மீனம்பாள் மாறி மாறி அடித்தாள், அழுதுகொண்டே அடித்தாள்.

"எம்மா, உடும்மா," என்று படுக்கையிலிருந்து பாரதி ஈனக்குரலில் சொன்னாள். "அவ முதுகப் பாரு."

மீனம்பாள் ஷோபனாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். குழாய் விழுந்த இடம் இரண்டு பட்டையாகக் கறுத்து, நடுவில் தோல் பிளந்து, சட்டைத்துணி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கை கீழே இறங்கியது. பிறகு வெளியே போய், நர்ஸ் மேசை முன்னால் நின்றாள்.

"எம்மா, உள்ள இன்னொரு பொண்ணும் இருக்குது. அதுக்கும் மருந்து போடணும்."