சாதா பெட்ரோலில் ஃபுல் டேங்க்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பெட்ரோல் பங்க் வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற பிக்கப்பிலிருந்து ஒரு பெண்ணின் குரல்: "யாருங்க உங்கள ஃபுல் டேங்க் போடச் சொன்னது?" நல்லது செய்யப்போய்த் திட்டு வாங்கிய அந்த மனிதரின் முகம் என்னை விடவில்லை. அந்த ஒரு வரிதான் அவர்களுடையது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மலைச்சாலை பாம்பாய் வளைந்து—"

வேண்டாம். பாம்பாய் வளையாத மலைச்சாலையை எந்தக் கதையிலாவது பார்த்திருக்கிறீர்களா?

இரண்டாவது: பண்ணைக்காரிக்குத் தன் குதிரை சீமாட்டி என்றால் உயிர். அதற்குக் காலையிலிருந்து வயிற்றுவலி. குடல் முறுக்கிக்கொண்டிருக்கும், ஆபரேஷன்தான் வழி, உடனே கொண்டுவாருங்கள் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். சீமாட்டியை டிரெய்லரில் ஏற்றி, டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டி, சாவியைத் திருப்பினால் பெட்ரோல் முள் உச்சியில் நிற்கிறது. வீட்டுக்காரர் விளிம்புவரை நிரப்பி வைத்திருக்கிறார். சாதா பெட்ரோல்.

இது நிற்கும். மேலே போகலாம்.

3

(கொஞ்சம் பாடம், தெரிந்தவர்கள் தாண்டிக்கொள்ளலாம். பெட்ரோலின் ஆக்டேன் எண் என்பது பலம் அல்ல, பொறுமை. சும்மா ஓட்டுவதற்குச் சாதாவே தாராளம். பாரம் இழுத்து மேடு ஏறும்போதுதான் எஞ்சின் கொதிக்கும். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் அவசரப்பட்டு, நேரம் வருமுன்பே தானாக வெடிக்கும். 'டக் டக்' என்று கேட்கும். எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ள இழுவையைக் குறைத்துவிடும். ஆக்டேன் கூடிய பிரீமியம் பெட்ரோல்தான் பொறுமை காக்கும்.)

4

வீட்டுக்காரரை முதலில் அசடாகத்தான் எழுதினேன். "பிரீமியமெல்லாம் பந்தாவுக்குப் போடறதும்மா" என்று ஒரு வசனம்கூடக் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் வண்டியில் முள் பாதிக்குக் கீழே இறங்க அவர் விட்டதில்லை. அன்பை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. டேங்க்கை நிரப்பத் தெரியும். இவரை எப்படி அசடு என்பது?

"இப்ப டேங்க்ல பிரீமியம் ஊத்த எடம் எங்கங்க இருக்கு?"

"மலையடி வரைக்கும் சமதளம்தானே. கால் டேங்க்காவது காலியாகும். அங்க பிரீமியம் போட்டுக் கலந்துக்கலாம்."

"அது போதுமா?"

"ஏறிப் பாத்தாத்தான் தெரியும்."

அவள் கியரைப் போட்டாள். யோசனை சரியாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது.

5

மலையடி பங்கில் அவரே இறங்கிப் பிரீமியம் பைப்பைக் கையில் வாங்கினார். வழக்கம்போல், பைப் தானாக நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் அழுத்தி விளிம்புவரை நிரப்பினார். இந்தத் தடவை அவள் திட்டவில்லை.

ஏற்றம் தொடங்கியதும் ஏசியை நிறுத்தினாள், கியரைக் குறைத்தாள், எஞ்சினில் 'டக் டக்' கேட்கிறதா என்று கண்ணாடிகளை இறக்கினாள். வலியில் டிரெய்லர் பலகையை உதைத்துக்கொண்டே வந்த சீமாட்டி, வழியில் எங்கோ அடங்கிப்போயிருந்தது. அந்த அமைதிதான் அவளைப் பயமுறுத்தியது.

"பின்னாடி சத்தமே இல்லீங்க."

"முன்னாடியும் இல்ல. ஓட்டும்மா."

6

இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்றில் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டி, இழுக்க முடியாமல் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடுகிறது. இன்னொன்றில் சீமாட்டி பலகையை ஓங்கி உதைத்து, நான் இன்னும் இருக்கிறேன் என்கிறது. இரண்டுக்கும் கடைசி வரி ஒன்றேதான். சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், சொல்வதாக இல்லை. ஸ்டியரிங்கை நீங்கள் பிடியுங்கள். கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள்.

கடைசி வளைவில் 'டக்' என்று ஒரு சத்தம். இருவருக்கும் கேட்டது.