தலைக்கு எண்ணெய் வைக்காத வருசம்

1979 கார்த்திகையில், ஆண்டிமடத்துக்குக் கிழக்கே ஒரு கொட்டகையில், ஆண்டாயி என்பவள் தன் உடம்புச் சூட்டால் மூன்று மூட்டை புங்கங்கொட்டையைக் காயவைத்தாள். விறகு செலவில்லை. கரண்டு போய் ஆறு நாளாகியிருந்தது.

முந்தின வருசம் கிருஷ்ணமூர்த்தி என்ற ஆராய்ச்சிக்கார சார் ஜீப்பில் வந்து அந்தக் கொட்டகையில் பெரிய சிவப்பு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அதன் கீழே கொட்டையைப் பரப்பிக் கிளறி, செக்கில் ஆட்டினால், அந்த எண்ணெயிலேயே டீசல் இஞ்சின் ஓடுமாம். காயவைப்பது வெளிச்சமில்லை, கண்ணுக்குத் தெரியாத சூடுதான் உள்ளே இறங்குகிறது என்றார். கிளம்பும்போது, "ஒரு சொட்டு எண்ணெய்கூட வீணாகக் கூடாதும்மா" என்றார். ஆண்டாயி சொல் தட்டாதவள். எண்ணெய் என்றால் எல்லா எண்ணெயும்தானே என்று, அந்த வாரத்திலிருந்தே வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்குக்கூடத் தலைக்கு வெறும் தண்ணீர்தான். நாளெல்லாம் பல்புக்கடியில் குந்தியிருக்கிறவள் எண்ணெய் வைக்காவிட்டால் சூடு எங்கே போகும்? உடம்பிலேயே தங்கிவிட்டது. ஆடி மாதம் அவள் பக்கத்தில் வைத்த வடகம் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. புருசன் சாமிதுரை படுக்கையை வாசலுக்கு மாற்றிக்கொண்டான்.

கார்த்திகையில் மழை பிடித்தது, விடவே இல்லை. மூன்று தலைமுறையாக அடுத்தவன் வயலில் நடவு நட்ட குடும்பம் அது. அவர்கள் பேருக்கு வந்த முதல் மண் ஒரே ஒரு ஏக்கர். அதில் கதிர் வெளிவராமல் பொதி கட்டியிருந்த நெற்பயிர் இப்போது தண்ணீருக்குள் கிடந்தது. இன்னும் நாலு நாளில் இறைக்காவிட்டால் அழுகிவிடும். இஞ்சின் இருந்தது, டீசல் இல்லை, ரோடும் அறுந்துவிட்டது. மூட்டைக் கொட்டையெல்லாம் கூரை ஒழுகி நனைந்திருந்தது. "ஈரத்தை ஆட்டினா எண்ணெய் எப்படி வரும்?" என்று செக்குக்காரத் தங்கசாமி கையை விரித்துவிட்டார். சாமிதுரை தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"ஏன்யா இப்பவே ஒப்பாரி வைக்கிறே? கொண்டாந்து என்னைச் சுத்திப் பரப்பு" என்றாள் ஆண்டாயி.

இரண்டு பகல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொட்டகைக்குள் சோறு வடிக்கிற மாதிரி ஆவி பறந்தது. நீராகாரம் குடித்துக்கொண்டே இருந்தாள், அம்மாடி, எத்தனை சொம்பு! மூன்றாம் நாள் கொட்டை கையில் கலகலவென்றது. தங்கசாமி ஆட்டினார். இஞ்சின் இருமி, துப்பி, கடைசியில் ஓடியது. ஒன்றரை நாளில் தண்ணீர் வடிகாலுக்குப் போய்விட்டது. முதல் பயிர் நுனி தெரிந்ததும் ஆண்டாயி வரப்பிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "பொழைச்சிட்டோம்யா, பொழைச்சிட்டோம்."

அன்றைக்கே சாமிதுரை அவள் தலையில் நல்லெண்ணெயை ஊற்றினான். சுர்ரென்று சத்தம் தெருவுக்கே கேட்டது. கடுகு போடாததுதான் குறை என்று சிரித்தார்கள்.

தை மாதம் சார் வந்தார். கரண்டில்லாமல் எப்படிக் காயவைத்தீர்கள் என்று கேட்டார். "ஒரு வருசம் தலைக்கு எண்ணெய் வைக்கலீங்க சார்" என்றாள். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். போகும்போது, இனி வெயில் சூடே போதும் என்று பல்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த மழைக்குள் ஒரு வருசம் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்கிறேன் என்று பக்கத்து வீட்டுப் பூமாலை ஏற்கெனவே பேர் கொடுத்திருந்தாள்.