எண்ணப்படாதவர்கள்

கருங்காளையின் தோலுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார் கிதபுயோகா. உள்ளே தம்பி மகேனாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"உசுரு இன்னும் இருக்கு, மூத்தவரே," என்றாள் தம்பி மனைவி உதஹைதா, வாசலில் நின்று. "அதுக்குள்ள தோலா?"

"மொறமொறன்னு காய்ஞ்ச தோலுல என் தம்பியச் சுத்திப் புதைச்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

அவர் முழங்கையால் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார்.

இந்த வறட்சி முழுக்க, பட்டணத்து டீச்சர் ரெஹேமா ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து தம்பியிடம் அவர்கள் மொழிச் சொற்களைக் கேட்டுப் பதிந்தாள். ஒரு மாட்டுக்கு என்ன சொல், மந்தைக்கு என்ன சொல். தேனீ என்றாலே கூட்டம்தான், அதில் ஒன்றை மட்டும் குறிக்க அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு வால் ஒட்ட வேண்டும் என்று தம்பி சொன்னபோது அவள் துள்ளினாளாம். அதுவரை குற்றமில்லை. ஒருநாள் கிதபுயோகா சந்தைக்குப் போயிருந்தார். தம்பி தேனைப் புளிக்கவைத்த கள் குடித்திருந்தான். பிள்ளைக்கு என்ன சொல், பிள்ளைகளுக்கு என்ன சொல் என்று அவள் கேட்க, வீட்டு ஆட்களையே விரல் நீட்டி எண்ணிவிட்டான்.

அவர்கள் குலத்தில் மாட்டைக்கூட எண்ணுவதில்லை. சாயங்காலம் முகம் பார்ப்பார்கள்; எது வரவில்லை என்று தெரிந்துவிடும். எண்ணப்பட்டது குறையும். மூன்றாம் நாள் தம்பி படுத்தான்.

நண்பகலில் ரெஹேமா வந்தாள். அவர்தான் ஆள் அனுப்பியிருந்தார்.

"அந்த எண்ணிக்கைய அழி. அவன் போறதுக்குள்ள. இல்லன்னா அது மிச்சப் பேரையும் தேடும்."

"அழிச்சிடறேன், பெரியவரே. ஆனா அவர் வாய்விட்டுச் சிரிச்சது அதுல மட்டுந்தான் இருக்கு."

உதஹைதா நிமிர்ந்தாள். "ஒரு தடவ கேட்டுக்கறேன்."

"வேணாம்."

"உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல, மூத்தவரே."

அது உண்மை. அவர் தோலைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தார்.

கருவியில் தம்பி சிரித்தான். "என் வீட்டு ஆளுங்களா? எழுதிக்கோ டீச்சர். மொத ஆளு என் அண்ணன். விறைச்ச கழுத்து, கோணாத முதுகு, ஒட்டகச்சிவிங்கி. அவர விட்டுட்டு எண்ணினா வீடு ஏது?" பிறகு பிள்ளைகள், ஒவ்வொருவராக.

கிதபுயோகாவின் கை தோலின் மேல் நின்றது. உள்ளே மூச்சு ஒருமுறை இழுத்தது. அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று.

"அழிக்கட்டுமா?" என்றாள் ரெஹேமா.

உதஹைதா முந்தானையை வாயில் அழுத்தியிருந்தாள்.

"அழி," என்றார் கிதபுயோகா.

கருவி சின்னதாக ஓர் ஒலி எழுப்பியது. எல்லோரும் உள்ளே போனபோது மகேனா கண்ணைத் திறந்தபடி அடங்கியிருந்தான்.

வெயில் சாய்வதற்குள் புதைத்தார்கள். தோல் மடக்கிய இடமெல்லாம் மெத்தென்று மடங்கியது. வந்தவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

மாலையில், வழக்கம்போல அவர் பட்டியின் முள்வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்றுகளை ஓட்டிக்கொண்டு தம்பியின் பிள்ளைகள் புழுதிக்குள்ளிருந்து வந்தார்கள். அவர் முகம் பார்த்தார். உதடு 'மொத ஆளு' என்று முணுமுணுப்பது பிறகுதான் தெரிந்தது. குனிந்து பார்த்தார். வலது கை எழும்பியிருந்தது. வெண்ணெய் படிந்த விரல் அவருடைய நெஞ்சைத் தொட்டுவிட்டு, முன்னால் வந்த பிள்ளையை நோக்கி நீண்டிருந்தது.

விரலை மடக்கிப் போர்வைக்குள் செருகிக்கொண்டார். கடைசிப் பிள்ளை இன்னும் புழுதிக்குள் இருந்தது. வாசலை மூடாமல் நின்றார்.