கேமராவுக்குக் குறுக்கே

என் கணவர் நாகலிங்கத்துக்கு ஒரு புரட்டாசி மாதம் இடது கை விழுந்துவிட்டது. வாதம் லேசானதுதான். வாய் கோணவில்லை, பேச்சு குறையவில்லை. அதில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஆனால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட இரண்டு கையும் வேண்டும். பங்குனிக்குள் கை தலைக்கு மேலே போகிறது என்று ஆஸ்பத்திரியில் துண்டுச் சீட்டு வாங்கி வரவேண்டும், இல்லாவிட்டால் அவருடைய மரங்கள் வேறு ஆளுக்கு என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடம் அவர் வெட்டிய மரங்கள். என் பிறந்தநாள் தெரியாத மனிதர், எந்த மரம் எந்த மழைக்குக் கோபித்துக்கொள்ளும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஆஸ்பத்திரி மிஸ் பயிற்சி சொல்லித் தந்தார். விரல்களால் சுவரில் ஏறவேண்டும். இவர் இரண்டு நாள் ஏறினார். மூன்றாம் நாள், "நான் என்ன பல்லியா?" என்று உட்கார்ந்துவிட்டார்.

கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் எங்கள் மகள் துஷ்யந்தி, அங்கே ஒதுக்கிப் போட்ட விளையாட்டுப் பெட்டி ஒன்றைத் தீபாவளிக்குக் கொண்டுவந்தாள். கையில் பிடிக்க ஒன்றும் கிடையாது. டீவிக்கு மேலே ஒரு கேமரா. நாம் கையை வீசினால் டீவிக்குள் ஒரு பொம்மையும் கையை வீசிப் பந்து உருட்டும், பத்துக் கட்டைகள் விழும். யார் கையைத் தலைக்கு மேலே தூக்குகிறாரோ அவரே ஆட்டக்காரர் என்பது அந்தப் பெட்டியின் சட்டம். இவருடைய வலது கையை நான் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டேன்.

ஆள் முழுதாகத் தெரிந்தால்தான் பெட்டி ஒத்துக்கொள்ளும். எங்கள் அறை பத்தடி, அதில் கட்டில் ஆறடி. டீவியை வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தோம். முற்றம் பள்ளம், அங்கே நின்றால் தலை மட்டும் தெரிந்தது. அதே உயரத்தில், சரியான தூரத்தில் இருந்தது ஒரே இடம்தான். நடுவில் ஓடும் சாக்கடைக் கானுக்கு அந்தப் பக்கம், எதிர் லயத்துக் கருப்பாயி அக்காவின் இஸ்தோப்பு.

அக்காவும் இவரும் பேசி நாலு வருடமாகியிருந்தது. அக்கா மகன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து இவர் ரசவாளியைத் தூக்கிக்கொண்டு கேமராவுக்குக் குறுக்கே போய்விட்டார். வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் இவருடைய முதுகுதான் இருக்கிறது. வந்தவருக்கெல்லாம் அக்கா அதைப் போட்டுக் காட்டுவார். "இதுதான் என் மருமக. தெரியலையா? முதுகுக்குப் பின்னால இருக்கா."

இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை அக்காவின் நாய் ஜிம்மியிடம் சொல்வார்கள்.

நான்தான் போய் இடம் கேட்டேன். அக்கா நாயைப் பார்த்தார்.

"ஜிம்மி, ஒரு ஆளுக்குக் கை வரணுமாம். நம்ம இஸ்தோப்புதான் வேணுமாம். வரச்சொல்லு. செருப்பக் கழட்டிட்டு வரச்சொல்லு."

முதல் நாள் இவர் கை இடுப்புக்கு மேலே போகவில்லை. ஆட்டத்தைத் தொடங்கவே துஷ்யந்தி அவர் கையைப் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது. பொம்மை பந்தைத் தன் காலடியிலேயே போட்டது.

"ஜிம்மி, பந்து உருட்டச் சொன்னா கோழிக்கு அரிசி போடுறாரு."

இவருக்கு முகம் சிவந்தது. அடுத்த வீச்சில் கை நெஞ்சுவரை போனது. நான் அதைக் கவனித்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அக்கா விறகுக்கட்டோடு குறுக்கே வந்தார். சுமையைச் சரிசெய்யக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனார். பெட்டி இவரை விட்டுவிட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டது. அக்கா விறகைத் தூக்கிக் கீழே வீசினார். டீவியில் பத்துக் கட்டையும் விழுந்தன. இரண்டு லயமும் கைதட்டியது.

"ஜிம்மி, குறுக்க வந்தா எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதான்னு கேளு."

"ஜிம்மி! அன்னைக்கு நான் பந்திக்கு ரசம் கொண்டுபோனேன்னு சொல்லு!"

"ரசம் யாரு கேட்டா, ஜிம்மி?"

அதற்குப்பிறகு தினமும் அக்கா குறுக்கே வந்தார், தண்ணீர்க் குடத்தோடு, பாயோடு, மழையில்லாத நாளில் குடையோடு. ஆட்டத்தைத் திரும்பப் பிடிக்க இவர் இடது கையை மேலே தூக்கியாகவேண்டும். முதலில் நான் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்; மாசி முடிய அது தானாகவே தலையைத் தாண்டியது.

பங்குனியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காவும், கடைக்குப் போகவேண்டும் என்று ஜிம்மியிடம் சொல்லிவிட்டு, எங்கள் த்ரீவீலரிலேயே ஏறிக்கொண்டார்.

"அத்த உஸ்ஸன்ன, மாமே," என்று கையைத் தூக்கச் சொன்னார் மிஸ்.

கை நெஞ்சுவரை வந்து நின்றது. மறுபடி தூக்கினார். மறுபடி நின்றது. இவருக்கு வேர்த்துக் கொட்டியது. வீட்டில் நன்றாகத் தூக்குவார் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று மிஸ் பேனாவை எடுத்தார்.

நான் வெளியே ஓடி, கருவாட்டுப் பொட்டலத்தோடு நின்ற அக்காவை இழுத்துவந்தேன். அக்கா சுற்றிப் பார்த்தார். ஜிம்மி இல்லை. மூலையில் பாடம் காட்டும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று நின்றது. அதனிடம் போனார்.

"இங்க பாருய்யா எலும்பா. நீ செத்தும் நிமிந்து நிக்கிற. ஒரு ஆளு உசுரோட கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. மரத்த வேற ஆளுக்குக் குடுக்கட்டும். அவனாவது கல்யாண வீட்டுல குறுக்க போகாம இருப்பான்."

சொல்லிவிட்டு இவருக்கும் மிஸ்ஸுக்கும் நடுவே, கருவாட்டோடு, மெதுவாக நடந்தார்.

கை போனது. நெஞ்சைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேலே. "பந்திக்குத்தான் ரசம்!" என்று இவர் எலும்புக்கூட்டைப் பார்த்துக் கத்தினார்.

"மே கவுத?" என்று அக்காவைக் காட்டி யாரென்று கேட்டார் மிஸ்.

எதிர்வீட்டு அம்மா என்றேன். இந்த மருந்தை நிறுத்தவேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மேலும் பதினாலு மாதம் இவர் தன் மரங்களை வெட்டினார். ஒரு காலையில் பால் வாளியை வைத்துவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. நெஞ்சு என்றார்கள்.

எங்கள் இஸ்தோப்பில் சவப்பெட்டிக்கு இடம் போதவில்லை. நான் கேட்பதற்குமுன் அக்கா தன் இஸ்தோப்பைக் கழுவிவிட்டிருந்தார். கத்தாரில் இருக்கும் என் தம்பிக்காக ஒரு வீடியோக்காரப் பையனை வைத்திருந்தோம். பெட்டியை மூடப்போகும் நேரம் அக்கா முன்னால் வந்தார். ஜிம்மி காலடியில்தான் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. இவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"என்னய்யா படுத்துக்கிட்ட? நான்தான் குறுக்க நிக்கிறேன்ல? கையத் தூக்குய்யா."

"அம்மா, கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது," என்றான் வீடியோக்காரன்.

அக்கா தள்ளவில்லை. தள்ளச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவேன். "இவருதான் எங்க வீட்டுக்காரரு. தெரியலையா? முதுகுக்குப் பின்னால இருக்காரு."