எண்பத்து நான்காம் பக்கத்து முடிச்சு

கிளை நூலகத்தின் வாசிப்பு அறையில் அன்று மூச்சுவிட இடமில்லை. ஐம்பத்திரண்டு நாற்காலிகளும் நிரம்பி, ஜன்னல் மேடைகளும் நிரம்பி, செய்தித்தாள் மேசையின் மேலேயே நான்கு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே நின்று ஒருவர் இரண்டு விரல்களை வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பலகையை நாள்தோறும் துடைத்துவந்த நூலகர் அதைக் கேட்டும் கேளாதவர்போல் நின்றார். பக்கத்து லாரி நிலையத்தில் அவருக்கு 'உஷ் மேடம்' என்று பெயர். அது அவருக்குத் தெரியும். தெரியும் என்பது மட்டும் லாரிக்காரர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

அவருடைய கவலை சீழ்க்கை அல்ல. கவலை, முன்வரிசை ஓரத்தில் மடியில் அட்டையும் அட்டையில் படிவமுமாக உட்கார்ந்திருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேலதிகாரி வணக்கத்துக்கு வணக்கம் சொன்னதோடு பேச்சை முடித்துக்கொண்டவர். கவுண்டருக்கு எதிரே நின்று எழுதுகிறவர்களின் எழுத்தைத் தலைகீழாகப் படிப்பது நூலகர்களுக்குக் கைவந்த கலை. தண்ணீர் கொடுக்கும் சாக்கில் அவர் ஒரே பார்வையில் கடைசிக் கட்டத்தைப் படித்துவிட்டார்: 'கிளையை மூடப் பரிந்துரை: ஆம் / இல்லை.' இரண்டும் காலியாக இருந்தன. அதற்கு மேலே 'ஒழுங்கு' என்றொரு கட்டம். அதில் ஒரு கேள்விக்குறி ஏற்கெனவே விழுந்திருந்தது.

ஆறு மாதங்களுக்கு முன்பு இதே அறைக்கு நாளொன்றுக்கு வந்தவர்கள் நான்கு பேர். மூவர் செய்தித்தாள் படித்தார்கள். நான்காமவர் மின்விசிறிக்கு அடியில் தூங்கினார். மதிலுக்கு வெளியே நிழலில் லோடுக்காகக் காத்திருந்த தொழிலாளர்கள் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. எதிர்ச்சாரித் தையற்கடைகளில் இருந்தவர்களும் அப்படியே. ஒருநாள் நூலகர் மதிலில் ஒரு கரும்பலகையை மாட்டி, 'ஒட்டகத்தின் திமிலுக்குள் என்ன இருக்கிறது?' என்று எழுதி, அதன் கீழே, 'விடையைப் பக்க எண்ணோடு சொல்லவும்' என்று சேர்த்தார்.

தண்ணீர் என்றார்கள் எல்லாரும். "எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று மட்டும் கேட்டார் நூலகர். சண்டை போடுவதற்காக உள்ளே நுழைந்த லாரிக்காரர்கள், அரைமணி நேரம் தேடி, அது கொழுப்பு என்று படித்துவிட்டு, உலகமே தங்களை ஏமாற்றிவிட்டதுபோன்ற முகத்தோடு வெளியேறினார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கே பலகையின் முன் கூட்டம். லாரிக்காரர்கள் அடித்த தம்பட்டத்தைப் பொறுக்கமாட்டாமல் மூன்றாம் வாரம் தையற்காரிகளும் வந்தார்கள். சனிக்கிழமைதோறும் போட்டி என்றானது. விதி ஒன்றே: நினைவு செல்லாது, பக்கம்தான் செல்லும்.

இன்று இறுதிச்சுற்று. ஐந்து கேள்விகளில் நான்கு முடிந்து, இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்பதைத் தையல் அணி ஐம்பத்தெட்டு வினாடிகளில் கண்டுபிடித்திருந்தது. அந்த அணியின் தலைவி நூலகரின் சொந்த அக்கா. இந்த ஒரு காரணத்தாலேயே நூலகர் கேள்விகளை முத்திரையிட்ட உறைகளில் வைத்திருந்தார். வீட்டில் ஒரு வாரமாக அக்காவிடம் குழம்புக்கு உப்புப் போதுமா என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

ஐந்தாம் உறையைப் பிரித்துப் படித்தார்.

"தடித்த கயிறு ஒன்றையும் மெல்லிய கயிறு ஒன்றையும் நழுவாமல் இணைக்க எந்த முடிச்சைப் போட வேண்டும்? நேரம் நான்கு நிமிடம்."

தையல் அணி பறந்தது. லாரி அணியின் தலைவர் எழுந்திருக்கவே இல்லை. எந்நேரமும் தோளில் ஒரு மடித்த தார்ப்பாயோடு திரிவதால் ஊருக்கே அவர் தார்ப்பாய் அண்ணன்.

"அண்ணே, ஓடுண்ணே!"

"இதுக்குப் போய் எதுக்குடா புக்கு? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போடுவேன்."

"தூக்கத்துல போடுறது செல்லாதுண்ணே. பக்கம் வேணும்!"

அவர் தார்ப்பாயைக் கீழே வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கைத்தொழில் அலமாரியின் மூன்றாம் தட்டிலிருந்து அக்கா ஒரு கையேட்டை உருவி, எச்சில் தொடாமல் பக்கங்களைத் தள்ளி, தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார். "பக்கம் எண்பத்து நாலு! 'தடிப்பில் வேறுபட்ட கயிறுகளைச் சதுர முடிச்சால் இணைப்பதே பாதுகாப்பானது.' படமும் போட்டிருக்கு!"

அறை அதிர்ந்தது. தையற்காரிகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நூலகர் கரும்பலகையில் மூன்று என்று எழுதச் சுண்ணக்கட்டியை உயர்த்தினார்.

"அது அவுந்துரும் மேடம்" என்றார் தார்ப்பாய் அண்ணன்.

"என்ன அண்ணே, தோத்தா ஒத்துக்கணும்" என்றார் அக்கா. "சின்னப் பிள்ளையா நீங்க?"

"தோத்ததுக்குச் சொல்லல, தங்கச்சி. கோப்பை நீயே வெச்சுக்க. ஆனா லோடு கட்டுறவன் எவனாவது இதைப் படிச்சுட்டுக் கட்டுனான்னா, பின்னாடி பைக்ல வர்றவன் தலையில மூட்டை விழும். ரெண்டு கயிறும் ஒரே தடிப்பா இருந்தாலே இந்த முடிச்சை நம்ப மாட்டேன். ஒண்ணு தடி, ஒண்ணு ஒல்லின்னா சொல்லவே வேணாம்."

நூலகரின் கை பாதியில் நின்றது. அவர் கையேட்டை வாங்கி, பின்னட்டையில் ஒட்டியிருந்த தவணைச் சீட்டைப் பார்த்தார். பதினொரு தேதி முத்திரைகள். பதினொரு பேர் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்கள். பதினொரு முறையும் முத்திரை குத்தியது அவருடைய கை.

"ஏண்டி நிக்கிற? எழுது!" என்றார் அக்கா. "பக்கம்தான் செல்லும்னு ரூல் போட்டது யாரு? நானா?"

"அதானே, அக்கா டீமுன்னா மார்க்கு தானா வந்துரும்!" என்று ஜன்னல் மேடையிலிருந்து ஒரு குரல்.

"யாருடா அது? இறங்கி வாடா, உன் சட்டையைத் தைச்சதே நான்தான்!"

கூச்சல் கூரையைத் தொட்டது. நூலகர் ஓரக்கண்ணால் மேலதிகாரியைப் பார்த்தார். அவருடைய பேனா 'ஒழுங்கு' என்ற கட்டத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தது. புத்தகம் சொல்வதே சரி என்று அறிவித்து, கோப்பையைக் கொடுத்து, எல்லாரையும் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தக் கட்டம் பிழைக்கும். புத்தகம் தவறு என்று அதிகாரியின் முன்னால் ஒப்புக்கொண்டால், தவறான நூலைப் பத்தொன்பது ஆண்டு பாதுகாத்த கிளையை எதற்காகத் திறந்துவைப்பது என்று அவர் கேட்கக்கூடும். 

ஆனால் பின்னட்டையில் பன்னிரண்டாவது முத்திரைக்கு இடம் இருந்தது.

"கயிறு இருக்கா?" என்று கேட்டார் நூலகர்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு லாரி அணி கொல்லென்று சிரித்தது. "லாரி ஸ்டாண்டுக்காரன்கிட்ட வந்து கயிறு இருக்கான்னு கேக்குறீங்களே மேடம்!"

இரண்டு நிமிடத்தில் கயிறுகள் வந்தன: கட்டைவிரல் தடிப்பில் ஒன்று, சுண்டுவிரலில் பாதியாக ஒன்று. மேசைகள் சுவரோரம் போயின. நூலகர் கையேட்டைத் திறந்துவைத்து, படத்தில் உள்ளபடியே தம் கையால் சதுர முடிச்சைப் போட்டார். போட்டதைப் படத்தோடு மூன்று முறை ஒப்பிட்டார். நான்காம் முறை ஒப்பிடப் போனபோது அக்கா கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்.

"அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நாங்க. இழுத்துப் பாத்துருவோம்."

"அக்கா, அவங்க மூட்டை தூக்குறவங்க. நமக்கு இன்னும் ஒரு ஆள் வேணும்" என்றார் ஒரு தையற்காரி.

அக்கா அறையைச் சுற்றும்முற்றும் பார்த்தார். அவர் பார்வை முன்வரிசை ஓரத்தில் போய் நிலைத்தது. நூலகர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"சார், சும்மாதானே உக்காந்திருக்கீங்க. வாங்க, ஒரு கை பிடிங்க!"

மேலதிகாரி மறுப்பதற்குள் கயிறு அவர் கையில் இருந்தது. அட்டையை எங்கே வைப்பது என்று தேடி, கடைசியில் அதை மின்விசிறிக்கு அடியில் வழக்கமாகத் தூங்குபவரின் மடியில் வைத்தார். தூங்குபவர் அன்று விழித்திருந்தார்.

"ஒன்று, இரண்டு, மூன்று!"

இழுத்தார்கள். முடிச்சு ஒரு வினாடி இறுகியது. மறுவினாடி மெல்லிய கயிறு தடித்ததன் வளைவுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு ஓடியது. தையல் அணி மொத்தமும், அதன் அடியில் மேலதிகாரியும், வரலாற்று அலமாரியின் முன் குவியலாய் விழுந்தார்கள். எங்கோ ஒரு சட்டைப் பொத்தான் தெறித்துத் தரையில் உருண்டோடியது. லாரி அணி அந்தப் பக்கம் கதவுவரை போய் விழுந்திருந்தது.

"சொன்னேன்ல?" என்றார் தரையில் கிடந்தபடியே தார்ப்பாய் அண்ணன்.

பிறகு அவர் எழுந்து, தடித்த கயிற்றின் முனையை மடித்துக் காதுபோல் வளைத்தார். மெல்லியதை அந்தக் காதுக்குள் விட்டு வெளியே எடுத்து, இரட்டைக் கழுத்தைப் பின்புறமாகச் சுற்றி, தன் கயிற்றுக்கு அடியிலேயே செருகி இழுத்தார். எல்லாம் ஒரு தும்மலுக்குள் முடிந்தது.

மீண்டும் இழுத்தார்கள். முடிச்சு இறுகியது. இன்னும் இழுத்தார்கள்; இன்னும் இறுகியது. மேலதிகாரி செருப்பை உதறிவிட்டுக் குதிகாலைத் தரையில் ஊன்றினார். அக்காவின் கொண்டை அவிழ்ந்தது, முடிச்சு அவிழவில்லை. ஜன்னல் மேடைகளில் இருந்தவர்கள் குதித்து இறங்கி இரு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். யார் எந்த அணி என்பதே போய்விட்டது.

"விடாதீங்க! இழுங்க! இன்னும், இன்னும், இழுங்க!"

அந்தக் குரல் அறையிலேயே உரத்த குரலாக இருந்தது. அது தம்முடையது என்று நூலகருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. சீழ்க்கைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்து, "உஷ்!" என்றார்.

அறையே வெடித்துச் சிரித்தது. சிரித்த சிரிப்பில் கயிறு எல்லார் கையிலிருந்தும் நழுவியது. முடிச்சு மட்டும் நடுத்தரையில் அப்படியே கிடந்தது. நூலகரும் சிரித்தார், பலகையைப் பார்க்காமல் சிரித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கரும்பலகையின் முன் நின்றார். "பக்கத்தைக் கண்டுபிடிச்சது தையல் அணி. அதுல தப்பில்லை. ஆனா பக்கம் தப்பு. கட்டிப் பாக்காம கேள்வியாக்குனது என் தப்பு. ஐந்தாவது கேள்வி ரத்து. ரெண்டுக்கு ரெண்டு."

"அடிப்பாவி, வீட்டுக்கு வருவல்ல?" என்றார் அக்கா. ஆனாலும் கை தட்டியவர்களில் முதலாமவர் அவர்தான்.

நூலகர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். தார்ப்பாய் அண்ணன் சொல்லச்சொல்ல, முடிச்சுப் போடும் முறையை ஐந்து வாக்கியங்களில் எழுதினார். மூன்றாம் வாக்கியத்தை இருமுறை திருத்தினார். கீழே சொன்னவரின் கையொப்பத்தை வாங்கி, நூலக முத்திரையைக் குத்தி, கையேட்டின் எண்பத்து நான்காம் பக்கத்துக்கு எதிரே ஒட்டி, மூலையில் '84-அ' என்று எழுதினார்.

"அப்போ யார்தான் ஜெயிச்சது?"

கேட்டவர் மேலதிகாரி. சட்டை கசங்கி, தலை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்லை சார். சமம்."

"ஆறாவது கேள்வி?"

"தயாரிக்கலை சார்." இதைச் சொல்வதற்கு நூலகருக்கு மூடல் உத்தரவைப் படிப்பதைவிடக் கூச்சமாக இருந்தது. "அடுத்த மாசம் மறுபடி இறுதிச்சுற்று வெச்சுத்தான் முடிவு பண்ணணும்."

"வெக்கலாம்" என்றார் அக்கா. "லைப்ரரி இருந்தா வெக்கலாம்."

அன்றைய நாளில் முதன்முறையாக அறை அமைதியானது. பத்தொன்பது ஆண்டுகளில் அப்படியோர் அமைதியை நூலகர் கேட்டதில்லை. அது அவருக்குப் பிடிக்கவும் இல்லை.

மேலதிகாரி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். அக்கா கேட்காமலே ஊசி நூலோடு வந்து, "அசையாம நில்லுங்க சார், குத்திரும்" என்று அவருடைய பொத்தானைத் தைக்கத் தொடங்கினார். அசையாமல் நின்றபடியே அவர் படிவத்தைக் கவுண்டரில் வைத்து எழுதினார். 'ஒழுங்கு' என்ற கட்டத்தைத் தொடவில்லை. கடைசிக் கட்டத்தில் பேனா ஒரு கணம் தயங்கி, ஒரு சரிக்குறி போட்டது. எதிரே நின்ற நூலகர் அதைத் தலைகீழாகப் படித்தார். இருமுறை படித்தார். 'இல்லை.' பக்கத்தில், குறிப்பு: 'இறுதிச்சுற்று நிலுவையில் உள்ளது.'

"தேதி முடிவானதும் எனக்கும் சொல்லுங்க" என்றார் அவர், நிமிராமலே.

நூலகர் வாய்திறந்து பதில் சொல்வதற்குள் அக்கா தங்கையின் முகத்தைப் படித்துவிட்டார். அவர் போட்ட கூச்சலில் சேதி வாசலைத் தாண்டி லாரி நிலையம்வரை போனது. அங்கிருந்து ஹாரன்கள் பதில் சொன்னன.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே தார்ப்பாய் அண்ணன் கையேட்டோடு கவுண்டர் முன் வந்து நின்றார். ஆறு மாதங்களாக வந்துபோனவர்; ஒரு புத்தகமும் எடுத்துச் சென்றதில்லை.

"இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா மேடம்? மிச்சப் பக்கத்துல எல்லாம் என்ன எழுதி வெச்சிருக்கானோ. ஒவ்வொண்ணா கட்டிப் பாக்கணும்."

"தவணை பதினாலு நாள்."

"நூத்தி இருபது பக்கம் இருக்கே!"

"புதுப்பிச்சுக்கலாம்" என்றார் நூலகர். உறுப்பினர் படிவம் ஒன்றை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, முத்திரையை மையில் அழுத்தி எடுத்து, பின்னட்டையில் பன்னிரண்டாவது தேதியைக் குத்தினார்.